அமைதியான சாலைகள் யாருக்காக?

கோலா சிலாங்கூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கூட்டரசுச் சாலை 5, தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் ஆகிய ஊர்களைக் கடந்து, சபாக் பெர்ணம் வழியாகப் பேராக் மாநிலத்தினுள் நுழைகிறது. அந்தச் சாலையில் காரில் விரைவோர் காண்பவை கடைவரிசைகளும் லாரிகளும் சாலை விளக்குகளுமே. சாலையை விட்டு ஒரு கிளைவழியில் திரும்பினால் காட்சி மாறிவிடும். கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்; அதற்கப்பால் செம்பனைத் தோட்டங்கள். மேற்கே தென்னையும் செம்பனையும் சூழ்ந்த கம்பங்கள். அவற்றின் முடிவில் சதுப்புநிலக் காடும் கடலும். மேற்குப் பக்கத்துக் கடலோர ஊர்களுள் ஒன்றுதான் பாகான் நக்கோடா ஓமார் என்னும் மீனவர் கிராமம்.

இந்தக் கிளைச் சாலைகளில் ஏற்றமும் இறக்கமும் இல்லை. வண்டிகளும் குறைவு. கால்வாய் ஓரங்களில் கொக்கும் மீன்கொத்தியும் இரைதேடும். வயல் நடுவே தூண்களின் மேல் வைக்கப்பட்டுள்ள மரப்பெட்டிகளில், எலிகளை வேட்டையாடும் கூகைகள் குடியிருக்கும். இயற்கை எழிலும் அமைதியும் ஒருங்கே கிடைப்பதால், வார இறுதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து மிதிவண்டிக் குழுவினர் இப்பகுதியை நாடி வருகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், இச்சாலைகளின் பயனை வார இறுதிச் சுற்றுலாவோடு நிறுத்திவிடுவது சரியன்று. அமைதியான சாலைகள் முதலில் அந்த மண்ணில் பிறந்து வளரும் மாணவர்களுக்கே உரியவை. அவர்கள் நாள்தோறும் அச்சமின்றி மிதிவண்டி ஓட்டுவதற்கு ஏற்றவாறு அவற்றைப் பாதுகாப்பதே முதற்கடமையாகும்.

இச்சாலைகள் எப்படித் தோன்றின என்பதை அறிந்தால், அவற்றின் அருமை விளங்கும். வட சிலாங்கூரின் கடலோர நிலம் தாழ்வான நிலம். ஒருகாலத்தில் இதன் பெரும்பகுதி சதுப்புக் காடாக இருந்தது. 1930களில் தொடங்கப்பட்ட தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் இந்நிலத்தை நெல்வயலாக மாற்றியது. பெர்ணம் ஆற்றிலிருந்து திருப்பிவிடப்படும் நீர், தெங்கி ஆற்றின் வழியாக முதன்மைக் கால்வாயை அடைகிறது. அங்கிருந்து கிளைக் கால்வாய்கள் அந்நீரை வயல்களுக்குக் கொண்டு செல்கின்றன. ஒவ்வொரு கால்வாயின் கரையிலும் அதனைப் பராமரிக்க ஒரு பாதை தேவைப்பட்டது. கடல்நீர் உள்ளே புகாமல் தடுக்கக் கடலோரத்தில் தடுப்புக்கரைகள் எழுப்பப்பட்டன. அந்தக் கரைகளும் காலப்போக்கில் மக்கள் நடந்து செல்லும் வழிகளாயின. தோட்டங்களிலோ, பால்மரக் காடுகளையும் தொழிற்சாலையையும் லயன் வீடுகளையும் இணைக்கச் செம்மண் சடக்குகள் போடப்பட்டன. ஆக, யாரும் மிதிவண்டிக்கென்று திட்டமிடாமலேயே, ஒரு பெரிய மிதிவண்டிப் பாதை வலையமைப்பு இங்கு உருவாகிவிட்டது. பல நகரங்கள் பெரும்பொருள் செலவிட்டுக் கட்ட முனையும் வசதி இது.

தோட்ட மக்களின் வாழ்வில் மிதிவண்டிக்குத் தனி இடம் இருந்தது. விடியற்காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டச் சென்றவர்கள் பலர் மிதிவண்டியில்தான் சென்றனர். பால் வாளிகளைச் சுமந்து வந்ததும் மிதிவண்டியே. மாலையில் மணியடித்துக்கொண்டு லயத்துக்கு வந்த ரொட்டிக்காரரும், கடிதம் கொண்டுவந்த தபால்காரரும் அதையே நம்பியிருந்தனர். ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் செல்ல உதவியதும் அதுதான். பின்னர் ரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பல தோட்டங்களில் குடும்பங்கள் வெளியேறிப் பட்டணங்களில் குடியேறின. எஞ்சியவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறினர். சடக்குகள் இருந்த இடத்தில் இருக்க, அவற்றில் மிதிவண்டி ஓட்டுவோர்தாம் அருகிவிட்டனர்.

இம்மாற்றத்தால் அதிகம் இழந்தவர்கள் இளையோரே. பத்து வயது முதல் பதினாறு வயது வரையிலான பருவத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பருவத்தில் ஒரு பிள்ளை நூலகத்திற்கும் திடலுக்கும் நண்பர் வீட்டுக்கும் தானே சென்றுவர விரும்புவது இயல்பு. சிற்றூர்களில் பேருந்துச் சேவை குறைவு. பெற்றோரோ வேலைக்குச் சென்றிருப்பர். மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம் பெற 16 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே, அதுவரை சட்டப்படி ஒரு பிள்ளை தனக்கென ஓட்டக்கூடிய ஒரே வாகனம் மிதிவண்டிதான். அந்த வாய்ப்பும் அடைபட்டால், இரண்டில் ஒன்று நிகழும். ஒன்று, பிள்ளை வீட்டிலேயே அடைந்து கைப்பேசியில் மூழ்கும். அல்லது பதின்மூன்று வயதிலேயே உரிமமும் தலைக்கவசமும் இன்றி அண்ணனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும். மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் பயணம் செய்பவர்களே என்பதை நினைத்தால், இரண்டாவது வழி எவ்வளவு ஆபத்தானது என்பது புரியும். மாணவர்கள் பாதுகாப்பாக மிதிவண்டி ஓட்ட வழிசெய்வது, அவர்களை அந்த ஆபத்திலிருந்து விலக்கி வைக்கும் செயலுமாகும்.

மிதிவண்டி ஒருவருக்குத் தரும் தன்னம்பிக்கைக்குத் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் சிறந்த சான்று. 1990களின் தொடக்கத்தில் அங்கு அறிவொளி இயக்கம் என்னும் எழுத்தறிவு இயக்கம் நடைபெற்றது. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததோடு, பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் அந்த இயக்கம் கற்றுக்கொடுத்தது. வயல்களிலும் கல்குவாரிகளிலும் வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டித் தங்கள் திறனைக் காட்டினர். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் அதுவரை பிறரை எதிர்பார்த்திருந்தவர்கள், பிறகு தாமே சென்று வந்தனர். அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது வெறும் வாகனமன்று. எங்கே, எப்போது செல்வது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமை.

அப்படியானால், வட சிலாங்கூர் மாணவர்களைத் தடுப்பது எது? தடை பெரும்பாலும் அமைதியான சாலைகளில் இல்லை; அவை பெருஞ்சாலையைச் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது. வயல்பக்கம் வசிக்கும் மாணவர் கடற்கரைப்பக்கம் செல்லவும், கடற்கரைப்பக்கம் வசிப்பவர் கிழக்கே செல்லவும் கூட்டரசுச் சாலையைக் கடந்தாக வேண்டும். இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இருவழிச் சாலை ஒன்றின் அகலம் ஏழு மீட்டர் என்று கொள்வோர், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் நடந்தால், அதனைக் கடக்க ஏழு வினாடிகள் ஆகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் 25 மீட்டர் பாய்கிறது. ஏழு வினாடிகளில் அது கடக்கும் தூரம் 175 மீட்டர். அதாவது, சாலையில் கால் வைக்கும் கணத்தில் 175 மீட்டருக்கு அப்பால் சிறு புள்ளியாகத் தெரியும் கார், மறுபக்கத்தை அடையும் முன் வந்து சேர்ந்துவிடும். சாலையோரத்தில் ஒரு லாரி நின்று பார்வையை மறைத்தாலோ, மழை பெய்தாலோ அந்தப் புள்ளிகூடத் தெரியாது. பிள்ளையை மிதிவண்டியில் அனுப்பத் தயங்கும் தாயின் அச்சம் வீண் அச்சமன்று.

வேகத்தின் கொடுமையை அறிவியலும் உறுதிப்படுத்துகிறது. வேகம் இரு மடங்கானால், மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆகவேதான், 2020ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற உலக அமைச்சர்கள் மாநாடு, நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் மற்ற வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பை வலியுறுத்தியது. கால்வாய்ச் சாலைகள் இத்தகைய இடங்களே. அவை நேராகவும் காலியாகவும் இருப்பதாலேயே, சிலர் அங்கு வேகமாக ஓட்டத் துணிகின்றனர். அறிவிப்புப் பலகை ஒன்று மட்டும் அவர்களைத் தடுத்துவிடாது. குறிப்பிட்ட இடைவெளியில் வேகத்தடைகளும், சாலையை ஆங்காங்கே சற்றுக் குறுக்கும் அமைப்புகளும் தேவை.

நெதர்லாந்து இன்று மிதிவண்டி நாடு என்று புகழப்படுகிறது. அது தானாகக் கிடைத்த பெருமையன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகின. சாலைகளில் பிள்ளைகள் பலர் மாண்டனர். 1970களில் பெற்றோர்களும் பொதுமக்களும் வீதிக்கு வந்து போராடிய பின்னரே, அரசு பாதுகாப்பான பாதைகளில் கவனம் செலுத்தியது. இன்று அந்நாட்டின் சில சாலைகளில், கார்கள் இங்கே விருந்தினர்கள் என்று பொருள்படும் பலகைகளைக் காணலாம். கார் அந்தச் சாலையில் வரலாம். ஆனால், விருந்தினர்போல் அடக்கமாக வர வேண்டும். வட சிலாங்கூரின் கால்வாய்ச் சாலைகளுக்கும் இக்கருத்து நன்கு பொருந்தும்.

இதற்கு மாற்றுக் கருத்துகளும் உண்டு. அவற்றையும் நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, இச்சாலைகள் உழவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் உரியவை என்பது. இது முற்றிலும் உண்மை. ஆண்டுக்கு இரு முறை நெல் அறுவடையின்போது அறுவடை இயந்திரங்களும் நெல் மூட்டை ஏற்றிய லாரிகளும் அங்கு ஓடியே ஆக வேண்டும். செம்பனைக் குலைகள் உரிய நேரத்தில் ஆலைக்குச் செல்லாவிட்டால் எண்ணெயின் தரம் குறையும். ஆகவே, வேலைக்கான வாகனங்களை விலக்கக் கோருவது நியாயமன்று. பள்ளி தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் மட்டும், மாணவர் செல்லும் சாலைகளில் கனரக வாகனங்கள் ஓடாமலிருக்க, ஆலை உரிமையாளர்களும் தோட்ட நிருவாகங்களும் பள்ளிகளும் கலந்து பேசி உடன்பாடு காணலாம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் யாருக்கும் பெரிய இழப்பு ஏற்படாது.

இரண்டாவது, சுற்றுலாவே கிராமத்திற்கு வருமானம் தரும் என்பது. அதிலும் உண்மை இருக்கிறது. தங்குமிடம் நடத்துவோரும் இளநீர் விற்போரும் மீனவரும் வருகையாளரால் பயனடைகின்றனர். எனினும், எல்லாரும் காரிலேயே வயல் நடுவே வந்து நின்றால், அவர்கள் தேடிவந்த அமைதியை அவர்களே குலைத்துவிடுவர். செகிஞ்சான் வயற்சாலைகளில் விடுமுறை நாள்களில் ஏற்படும் நெரிசலைக் கண்டவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள். தைவானில் சிஷாங் என்னும் சிற்றூர் இதற்கு வேறு வழியைக் காட்டியுள்ளது. அங்கு நெல்வயல்களின் ஊடே செல்லும் சாலையில் மின்கம்பங்கள்கூட இல்லை. வருகையாளர் வாடகை மிதிவண்டிகளில் வயல்களைச் சுற்றிப் பார்க்கின்றனர். காரை ஊரின் முகப்பில் நிறுத்திவிட்டு மிதிவண்டி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை இங்கும் செய்யலாம். அமைதியும் கெடாது, உள்ளூர்வாசிகளுக்கு மிதிவண்டி வாடகையாலும் வருமானம் கிடைக்கும்.

மூன்றாவது கருத்து, பெற்றோர் பலர் சொல்லத் தயங்கும் ஒன்று. அமைதியான சாலை என்பது ஆள்நடமாட்டம் இல்லாத சாலையும் ஆகும். மகளைத் தனியே அனுப்ப எந்தப் பெற்றோரும் அஞ்சுவர். இந்த அச்சத்தை அறிவுரையால் போக்க முடியாது. ஒரே வழியில் செல்லும் மாணவர்கள், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஓரிடத்தில் கூடி, மூத்த மாணவர் முன்னும் பின்னும் வர, ஒரு குழுவாகச் செல்வதே நல்ல ஏற்பாடு. வழியிலுள்ள கடைக்காரரும் வயலில் வேலை செய்வோரும் அந்நேரத்தை அறிந்திருந்தால், அவர்களின் கண்களும் காவலாகும். ஆள் நடமாட்டம் பெருகப் பெருக, சாலையின் தனிமை குறையும்.

நான்காவது, மிதிவண்டி ஓட்டும் இளையோரின் பொறுப்பின்மை. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலையில், ஜொகூர் பாருவில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்த பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி உயிரிழந்தனர். நாட்டையே உலுக்கிய அந்தத் துயரத்திற்குப் பின், இளையோர் மிதிவண்டி ஓட்டுவதையே ஐயத்துடன் நோக்குவோர் பெருகினர். ஆனால், அந்நிகழ்வு உணர்த்தும் பாடம் வேறு. இளையோருக்கு ஏற்ற நேரமும் ஏற்ற இடமும் ஏற்ற வழிகாட்டலும் அமைய வேண்டும். தடுப்புக் கருவி இல்லாத மிதிவண்டியைப் பெருஞ்சாலையில் இரவு நேரத்தில் ஓட்டுவதும், விளக்கும் தலைக்கவசமும் கொண்டு பகலில் கால்வாய்ச் சாலையில் ஓட்டுவதும் ஒன்றாகா. இரண்டாவதற்கு இடமளித்தால்தான் முதலாவதை விலக்கும்படி கேட்க முடியும்.

செய்ய வேண்டியவை பல இருப்பினும், செலவு மிகுந்தவை அல்ல. கூட்டரசுச் சாலையைக் கடக்கும் இடங்களில் சாலை நடுவே ஒரு சிறு திட்டு அமைத்தால், ஏழு மீட்டரை ஒரே மூச்சில் கடக்க வேண்டியதில்லை. பாதியைக் கடந்து, நின்று, மறுபக்கம் பார்த்து மீதியைக் கடக்கலாம். பொதுப்பணித் துறை இதனைப் பள்ளிகளுக்கு அருகில் தொடங்கலாம். தோட்டங்களில் பாதுகாப்புக்காகப் போடப்படும் இரும்புத் தடுப்புகளின் ஓரத்தில், கார் நுழையாமல் மிதிவண்டி மட்டும் நுழையுமளவு இடைவெளி விடலாம். வெயில் தாங்காத இடங்களில் சாலையோரம் நிழல்மரம் நடலாம். வேர்கள் கரையை உடைத்துவிடாதபடி, தடுப்புக்கரைகளை மட்டும் தவிர்க்க வேண்டும். பள்ளியில் கூரையுடன் கூடிய நிறுத்துமிடமும், காற்றடிக்கும் கருவியும், சக்கர ஓட்டை ஒட்டக் கற்றுத்தரும் ஆசிரியர் ஒருவரும் இருந்தால், பழுதான மிதிவண்டிகள் வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடக்கமாட்டா.

மாணவர்களாலும் ஒரு பெரிய பணியைச் செய்ய முடியும். எந்தப் பாதை மழைக்காலத்தில் சேறாகும், எந்தப் பாலத்தில் பலகை உடைந்துள்ளது, எந்த வளைவில் லாரி வேகமாக வரும், எங்கே நாய்கள் துரத்தும் என்பவற்றை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யாருமில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் மாணவர் வரும் வழிகளை ஒரு வரைபடமாக வரைந்து, ஆபத்தான இடங்களைக் குறித்து மாவட்ட மன்றத்திடம் அளிக்கலாம். அது புவியியல் பாடத்திற்கான செய்முறையாகவும் அமையும். அதிகாரிகளுக்கு எங்கிருந்து தொடங்குவது என்பதையும் காட்டும். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டுமென்பர். வடத்தில் முதலில் கை வைப்பவர்கள் மாணவர்களாகவும் இருக்கலாம்.

ஐக்கிய நாடுகள் அவை 2018ஆம் ஆண்டு, ஜூன் 3ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது. அந்நாளில் ஊர்வலம் நடத்தி, ஒரே நிறச் சட்டை அணிந்து, படம் எடுத்துக்கொள்வது எளிது. மறுநாள் காலையில் எத்தனை மாணவர்கள் மிதிவண்டியில் பள்ளிக்கு வந்தனர் என்று எண்ணிப் பார்ப்பதே உண்மையான அளவுகோல். பாகான் நக்கோடா ஓமாரின் பிள்ளை தனியே புறப்பட்டு, பெருஞ்சாலையைக் கடந்து, பொழுது சாயும் முன் நலமாக வீடு திரும்பக்கூடிய சாலை, வெளியூரிலிருந்து வருவோருக்கும் பாதுகாப்பான சாலையாகவே இருக்கும். வெளியூராருக்காக மட்டும் அழகுபடுத்தப்படும் சாலை அந்தப் பிள்ளைக்குப் பயன்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆகவே, திட்டமிடுவோர் அந்தப் பிள்ளையிலிருந்து தொடங்குவதே முறை.